ஆரம்பநிலை மலக்குடல் புற்றுநோய்: கட்டியை மட்டும் எடுப்பதா, குடலோடு எடுப்பதா?

லிந்துலைக்காரி
அம்மாவுக்கு 62 வயது. தேயிலைத் தோட்டத்தில் வேலைப் பேர் விலகிவிட்டாலும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார். மலத்தோடு இரத்தம் போனதை மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கண்டியில் கமரா விட்டுப் பார்த்தபோது ஆசனவாயிலிருந்து 6 செ.மீ. மேலே, 2 செ.மீ. அளவில் ஒரு கட்டி. பயொப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. எம்ஆர்ஐ அறிக்கையில் டி1, அதாவது குடல்சுவரின் தசைக்குள் இன்னும் இறங்காத கட்டியாக இருக்கலாம், நிணநீர்க் கணுக்களில் ஒன்றும் தெரியவில்லை என்று இருக்கிறது.

டொக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஆசனவாய் வழியாகவே போய்க் கட்டியை மட்டும் கொஞ்சம் நல்ல சதையோடு வெட்டி எடுப்பது. மற்றது, மலக்குடலையும் அதைச் சுற்றியுள்ள கொழுப்பு, கணுக்களையும் வயிற்று வழியாக எடுத்துவிட்டுக் குடலை இணைப்பது. இரண்டாவது என்றால் சில மாதங்களுக்கு வயிற்றில் மலம் சேரும் பை. வீட்டில் பேசி முடிவெடுத்து வரச் சொன்னார். அண்ணன் பெரிய ஒப்பரேஷன்தான் என்கிறார். அம்மா எதுவுமே வேண்டாம் என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்பிக்காலம்
தங்கச்சி, உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. புற்றுநோய் கட்டியோடு நின்றுவிடாது, பக்கத்துக் கணுக்களுக்கு நகரும். அந்தக் கணுக்கள் இருப்பது மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறைக்குள். அந்த உறையைக் கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் பில் ஹீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1982இல் எழுதினார். அதற்குப் பிறகுதான் மலக்குடல் புற்றுநோய் அதே இடத்தில் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. ஆசனவாய் வழியாக எடுத்தால் ஒரு கணுவைக்கூடத் தொட முடியாது. என் மூத்த அண்ணனுக்கு ஒரு தனியார் இடத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்தார், எல்லோருக்கும் சந்தோஷம். நோய் திரும்பி வந்தபோது இடுப்பெலும்புவரை பிடித்திருந்தது.

நைட்டியூட்டி
ஐயா, அண்ணனுக்கு நடந்தது கொடுமை. ஆனால் ஒரு கேள்வி. வெட்டியெடுத்த பிறகு வந்த பத்தோலொஜி அறிக்கையை யாராவது வாசித்தார்களா?

நான் சத்திரசிகிச்சை வாட்டில் வேலை செய்யும் தாதி. டி1 என்பது ஒரே நோய் இல்லை. குடலின் உள்தோலுக்குக் கீழே இருக்கும் படைக்குள் அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் படையை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மேல் பங்கோடு நின்ற கட்டிகளில் கணுவுக்குப் பரவியது சுமார் 3 சதவீதம். நடுப்பங்கில் 8, அடிப்பங்கில் 23. மூன்று சதவீதத்துக்காக மலக்குடலையே எடுப்பதும், இருபத்து மூன்றுக்காக எடுப்பதும் ஒன்றா?

இந்த ஆழத்தை எம்ஆர்ஐ சரியாகச் சொல்லாது. டி1ஐயும், தசைவரை இறங்கிய டி2ஐயும் அது குழப்பிக்கொள்ளும். மலக்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கொஞ்சம் பரவாயில்லை. உறுதியாகச் சொல்வது மைக்ரோஸ்கோப்தான். அதனால்தான் கட்டியை ஒரே துண்டாக எடுத்து, கோர்க் பலகையில் விரித்து, ஓரமெல்லாம் ஊசி குத்தி ஃபோர்மலினில் போட்டு அனுப்புவார்கள். துண்டு துண்டாகப் பிய்த்து எடுத்தால் ஆழமும் தெரியாது, ஓரம் சுத்தமா என்பதும் தெரியாது. என் கருத்து: முதலில் சின்னது. அறிக்கையில் ஆழம் அதிகம், இரத்த அல்லது நிணநீர்க் குழாய்க்குள் புகுந்திருக்கிறது, செல்கள் மோசமான வகை, ஓரம் சுத்தமில்லை, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே பெரியது.

பதுளைபஸ்
ஒப்பரேஷனே இல்லாமல் கரண்ட் (கதிர்) சிகிச்சை கொடுத்துக் காத்திருந்து பார்க்கும் முறை ஒன்று இருக்கிறதே? பிரேசிலில் ஒரு பெண் டொக்டர் நிறையப் பேருக்குச் செய்திருக்கிறார். இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

நைட்டியூட்டி
ஆஞ்சலிட்டா ஹப்ர்-காமா. சாவோ பாவ்லோ. அவருடைய 2004ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் அது கதிரும் கீமோவும் கொடுத்த பிறகு கட்டி முழுதாக மறைந்துபோனவர்களுக்கு. அவர்களிலும் நாலில் ஒருவருக்கு அதே இடத்தில் மறுபடி முளைக்கிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள். சின்ன டி1 கட்டிக்கு அதுவே முதல் வழி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் கதிர், எட்டுப் பத்து வாரம் கழித்துச் சின்ன ஒப்பரேஷன் என்று பிரிட்டனில் ஒரு ஆய்வும் நடந்தது. 2021இல் வெளிவந்தது. அந்தப் பக்கம் போனவர்களில் 70 சதவீதம் பேருக்கு மலக்குடல் காப்பாற்றப்பட்டது.

கோப்பிக்காலம்
அந்தப் பக்கம் போனவர்கள் 27 பேர். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நர்ஸ் அம்மா. நீங்கள் காட்டிய மேயோ ஆய்விலேயே மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கட்டிகளுக்குக் கணு ஆபத்து கூட என்றும் இருக்கிறது. தங்கச்சி அம்மாவுக்கு 6 செ.மீ. அது என்ன, மேல் பகுதியா?

நைட்டியூட்டி
இல்லை, கீழ்ப்பகுதியை ஒட்டித்தான் வரும். சரியான பேச்சு. ஆனால் கீழே போகப் போகப் பெரிய ஒப்பரேஷனின் தொந்தரவும் கூடுகிறது ஐயா. தாழ்வாகத் தைத்த இணைப்பு பத்தில் ஒருவர் அளவில் கசியும். அதற்காகத்தான் அந்தப் பையே.

பைக்காரன்
எனக்கு நிரந்தரப் பை. ஆசனவாயையே எடுத்துவிட்டார்கள். இந்தச் சண்டையில் நான் யார் பக்கமும் இல்லை. யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்.

பை கழன்ற பிறகுதான் சிலருக்கு உண்மையான கஷ்டம். மலக்குடல் என்பது மலத்தைத் தேக்கி வைக்கும் இடம். அது போய்விட்டால் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, வந்தால் உடனே, போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி. தாழ்வாக இணைத்தவர்களில் இது கடுமையாக இருப்பவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. கொழும்பில் அறைக்குள்ளேயே கக்கூஸ் வைத்திருப்பவருக்கு அது தொந்தரவு. தோட்டத்து லய வீட்டில் இருப்பவருக்கு? எங்கள் லயத்தில் ராத்திரி படியிறங்கி, மழையில் அட்டையை மிதித்துக்கொண்டு போக வேண்டும். மலையில் தேயிலை நிரையில் நிற்கும்போது வந்தால் எங்கே போவார்? தங்கச்சி, வீட்டோடு கக்கூஸ் இருக்கிறதா என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். கேட்க அவருக்குத் தோன்றாது.

இன்னொன்று. அம்மா கொழுந்துக்குப் போகிறவர் என்றால் இடுப்பில் படங்குத் துணியைக் கயிறால் கட்டுவார். அந்தக் கயிறு போகும் இடத்திலேயே பை வைத்தால் உரசி உரசிப் புண்ணாகும், பை பிடிக்காது. ஒப்பரேஷனுக்கு முன்பு உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்து வயிற்றில் பேனாவால் குறி போடுவார்கள். அன்றைக்குப் படங்கையும் கயிறையும் எடுத்துப் போய் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

லிந்துலைக்காரி
எங்களுக்கு லயத்துக்குப் பின்னால் தனிக் கக்கூஸ் இருக்கிறது அண்ணே, ஆனால் மூன்று குடும்பத்துக்கு. படங்கு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

நைட்டியூட்டி அக்கா, முதலில் சின்னது செய்து அறிக்கை மோசமாக வந்து பெரியது செய்தால், முதலிலேயே பெரியது செய்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லையா?

நைட்டியூட்டி
சில வாரங்களுக்குள் செய்துவிட்டால் புற்றுநோய்க் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் பார்த்திருக்கிறார்கள். ஆபத்து எங்கே என்றால், அறிக்கை மோசமாக வந்தும் விட்டுவிட்டு, திரும்பி வந்த பிறகு செய்வதில். ஐயாவின் அண்ணனுக்கு அதுதான் நடந்திருக்கும் என்று என் ஊகம். அது வேறு நோய் மாதிரி. மறைக்காமல் இதையும் சொல்கிறேன்: முதல் ஒப்பரேஷனின் தழும்பு இரண்டாவதைக் கஷ்டமாக்கும். அதனால் சிலருக்கு நிரந்தரப் பை வரை போகும்.

கோப்பிக்காலம்
இப்போது வந்தீர்கள் வழிக்கு. உங்கள் திட்டம் புத்தகத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதுவும் வேண்டாம் என்கிற அம்மா, ஒரு தடவை தியேட்டருக்குப் போய் வந்த பிறகு இரண்டாம் தடவைக்கு வருவாரா? சின்னதோடு தப்பினாலும் முதல் இரண்டு வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு தடவை கமரா. அதற்குப் பிறகும் ஐந்து வருஷம்வரை. லிந்துலையிலிருந்து கண்டிக்கு விடியலில் பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவார். கூட ஒருவர் போக வேண்டும், இரண்டு பேருக்கு நாட்சம்பளம் போகும். இரத்தம் நின்று, உடம்பு நன்றாக இருக்கும்போது எத்தனை பேர் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்? என் அண்ணன் போகவில்லை. அறிக்கையை யாராவது வாசித்தார்களா என்று கேட்டீர்கள். அறிக்கையை வாங்கவே யாரும் போகவில்லை.

நைட்டியூட்டி
ஐயா, அது ஒப்பரேஷனின் குற்றம் இல்லை.

கோப்பிக்காலம்
செத்தவருக்கு அது தெரியாது.

பைக்காரன்
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். தங்கச்சி, அம்மா எதற்காக வேண்டாம் என்கிறார்? கேட்டீர்களா?

லிந்துலைக்காரி
இன்று கேட்டேன். பையைப் பற்றித்தான் பயம் என்று நினைத்தேன். இல்லை. அடுத்த மாதம் தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவம், நான் வாட்டில் படுத்தால் பிள்ளையை யார் பார்ப்பது என்கிறார். சின்ன ஒப்பரேஷன் என்றால் சில நாளில் வந்துவிடலாம் என்றதும் சரி என்றார். அறிக்கை மோசமாக வந்தால் பெரியதுக்கும் வர வேண்டும், அதை இப்போதே ஒத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அதற்குப் பதில் சொல்லவில்லை.

அடுத்த கிளினிக்கில் அம்மாவையும் வைத்துக்கொண்டே கேட்கப் போகிறேன்: ஒரே துண்டாக எடுப்பீர்களா, அறிக்கை எத்தனை நாளில் வரும், மோசம் என்றால் எந்தத் தேதிக்குள் பெரியது செய்வீர்கள், அப்போது பை நிரந்தரமாகும் வாய்ப்பு எவ்வளவு.

கோப்பிக்காலம்
அம்மா பதில் சொல்லாமல் சின்னதுக்குச் சம்மதிக்காதீர்கள். நான் இன்னும் பெரியது பக்கம்தான். அறிக்கை வந்ததும் இங்கே போடுங்கள், நர்ஸ் அம்மாவோடு அப்போது மிச்சச் சண்டையைப் போட்டுக்கொள்கிறேன்.