மறு: பேட்டரி ஹேமர் ட்ரில் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். சுவரைத் துளைக்கும் பேட்டரி ஹேமர் ட்ரில்லுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ஹேமர் என்றால் சுத்தியல், ட்ரில் என்றால் துளைப்பான். ‘சுத்தியல் துளைப்பான்’ என்று வைத்துவிட்டுப் போகலாமே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. ஹேமர் ட்ரில் ஒன்று, ரோட்டரி ஹேமர் ஒன்று என இரண்டு கருவிகள் விற்பனையில் உள்ளன. இரண்டும் சுழலும், இரண்டும் அடிக்கும், இரண்டும் சுவரைத் துளைக்கும். ‘சுத்தியல் துளைப்பான்’ என்ற பெயரை எதற்குச் சூட்டினாலும் மற்றதற்கும் அப்படியே பொருந்தும். தொழிலுக்கு வாங்குகிறவர் ஏமாறுவதும் இந்தக் குழப்பத்தில்தான். ஆகவே கருவியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயருக்கு வரலாம்.

ஹேமர் ட்ரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டுகள் எதிரெதிரே இருக்கும். நாம் கருவியை அழுத்தும்போது ஒன்றின் பற்கள் மற்றதன் பற்கள் மேல் ஏறி இறங்கும். பிட் என்ற துளைக்கும் முனைக்கம்பியைப் பிடித்திருக்கும் சக் முன்னும் பின்னும் துடிக்கும். வட்டில் 15 பல், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 30,000 துடிப்பு. ஒவ்வொன்றும் மிகச் சிறியது. கையை எடுத்தால் துடிப்பும் போய்விடும், ஏனென்றால் அழுத்தம் முழுக்க நம் தோளிலிருந்து வருகிறது. செங்கல்லில் 6 மிமீ துளை போட இது தாராளம். கான்கிரீட்டில் நடுவே ஒரு ஜல்லி மாட்டினால் கதை வேறு: பிட் அதே இடத்தில் கீச்சிட்டுக்கொண்டு சுற்றும், முனை சூடேறி நீலம் பாயும், துளை ஒரு மில்லிமீட்டர் கூட முன்னேறாது.

ரோட்டரி ஹேமரில் உள்ளே பிஸ்டன் ஓடுகிறது. பிஸ்டனுக்கும் அடிக்கும் துண்டுக்கும் நடுவே சிறைப்பட்ட காற்று, அந்தத் துண்டை எறிந்து பிட்டின் பின்புறத்தில் மோத வைக்கிறது. எஸ்டிஎஸ் பிளஸ் என்ற பிட் பொருத்தும் முறையில் பிட்டின் 10 மிமீ தண்டு சக்குக்குள் முன்பின் நகரும்படி இருப்பதால் அடி நேராகப் பிட்டில் இறங்கும். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் அடிதான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஜூலில் சொல்லும் அளவுக்கு ஆற்றல் உண்டு.

இப்போது விவரத்தாளைப் பாருங்கள். ஒன்றில் 30,000, மற்றதில் 4,500, இரண்டுக்கும் ஒரே அலகு: பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது. படிப்பவர் முன்னதுதான் பலசாலி என்று நினைப்பார். தமிழில் ஒன்றைத் ‘தட்டு’ என்றும் மற்றதை ‘அடி’ என்றும் பிரித்துவிட்டால் இந்த மயக்கம் வராது. நிமிடத்துக்கு 30,000 தட்டு. நிமிடத்துக்கு 4,500 அடி. எது கான்கிரீட்டுக்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

> அம்மி கொத்துவதுபோல் சின்னச் சின்னதாய், வேகமாய் விழுவதால் ‘கொத்துத் துளைப்பான்’ எப்படி?

காதுக்கு இனிமையான சொல். எனக்கும் ஆசைதான். ஆனால் வேலைத்தளத்தில் ‘சுவரைக் கொத்து’ என்றால் உளி வைத்துப் பூச்சைப் பெயர்ப்பது. அந்த வேலையைச் செய்வது ரோட்டரி ஹேமர்: சுழற்சியை நிறுத்திவிட்டு அடியை மட்டும் வைத்துக்கொள்ளும் நிலை அதில் பெரும்பாலும் இருக்கிறது. ஹேமர் ட்ரில்லில் அது கிடையாது. ‘கொத்து’ என்ற பெயரை நம்பி வாங்கியவர் உளியை எங்கே மாட்டுவார்?

ஆக என் பரிந்துரை: ஹேமர் ட்ரில் ‘தட்டித்துளைப்பான்’, ரோட்டரி ஹேமர் ‘அடித்துளைப்பான்’. ‘தட்டுத்துளைப்பான்’ என்றால் தட்டில் துளை போடும் கருவியோ என்று தோன்றும்; அதனால் வினையெச்சமாக வைத்தேன். கழுத்து வளையத்தில் திருகாணி, பிட், சுத்தியல் என்று மூன்று படங்கள் இருக்குமே, அந்தச் சுத்தியல் படத்துக்குத் ‘தட்டு நிலை’ என்று பெயர். ‘டைல்ஸில் தட்டு நிலை வேண்டாம், ஓடு தாண்டியதும் போடு’ என்று உதவியாளருக்குச் சொல்லிப் பாருங்கள், நாக்கில் உட்காருகிறது.

‘தாக்கத் துளைப்பான்’ என்று இழையில் வந்த இன்னொரு யோசனையை ஒரேயடியாகத் தள்ள முடியாது. மின்கருவிகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஇசி 62841-இன் 2-1 பகுதி இதே கருவியை இம்பாக்ட் ட்ரில் என்றுதான் அழைக்கிறது. ஆனால் இம்பாக்ட் டிரைவர் என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது அடிப்பது சுழலும் திசையில். திருகை முடுக்க அருமையானது, சுவர் துளைக்கச் சரிவராது. இரண்டுக்கும் ‘தாக்கம்’ வைத்தால் பழைய குழப்பம் புதுச் சட்டை போட்டு வரும்.

கார்ட்லெஸ்ஸுக்குக் ‘கம்பியில்லா’ வேண்டாம், அது ரேடியோவுக்குப் போய்விட்ட சொல். ‘பேட்டரி’ என்றே இருக்கட்டும். கிளட்ச் (திருகு போதிய அளவு இறுகியதும் சுழற்சியை விட்டுவிடும் அமைப்பு), சக் இரண்டின் பெயரையும் தொட வேண்டாம் என்பது என் கட்சி.

கிட் என்பதற்குத் ‘தொகுப்பு’ போதும். அதன் எதிர்ச்சொல்தான் அவசரமாக வேண்டும்: பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் தனியாக விற்பது. வெறுங்கை, வெறுங்கால் போல ‘வெறுங்கருவி’. ஏற்கெனவே அதே நிறுவனத்தின் பேட்டரி வைத்திருப்பவருக்கு வெறுங்கருவி லாபம். புதிதாகத் தொடங்குபவர் தொகுப்பே வாங்க வேண்டும். அதில் இரண்டு பேட்டரி, பக்கவாட்டுக் கைப்பிடி, துளையின் ஆழத்தைக் காட்டும் ஆழக்கோல் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிட் சிக்கினால் கருவி மணிக்கட்டைத் திருகிவிடும், கைப்பிடி அதற்காகத்தான்.

பேட்டரியில் ஒரு சிறு விளக்கமும் நம் சொற்பட்டியலில் சேர வேண்டும். சில பெட்டிகளில் 18 வோல்ட், சிலவற்றில் 20 வோல்ட் மேக்ஸ் என்று போட்டிருக்கும். உள்ளே இரண்டிலும் தொடராக ஐந்து லித்தியம் அயனிக் கலங்கள். ஒரு கலத்துக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18, முழு சார்ஜில் சுமார் 4 வோல்ட் என்று கணக்கிட்டால் 20. முன்னதைப் ‘பெயரளவு’, பின்னதை ‘உச்ச அளவு’ என்று குறித்தால் போதும். ஒப்பிட வேண்டியது வாட் மணியை: 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி என்றால் 90 வாட் மணி.

இம்பாக்ட் டிரைவருக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘முடுக்கி’ பொருத்தம், ஆனால் இயற்பியலார் சண்டைக்கு வருவார்கள். ‘திருகுமுடுக்கி’ என்றால் ஒத்துக்கொள்வார்களா? தச்சு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.