நடக்கும்போது அப்பாவிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்தைவிட எங்களை வாட்டுவது நடைதான். மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் வராது என்பதால் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போவோம். காலிலேயே கவனம் இருந்தால் காந்தி சிலை வரை நன்றாக நடப்பார். எதிரில் தெரிந்தவர் வந்து "சார், சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால் போதும். அடி குறுகிக் குறுகி, பாதம் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். உடம்பு மட்டும் முன்னால் சாயும். விழுவதெல்லாம் அந்த நொடியில்தான்.

நமக்கு நடை தன்பாட்டில் ஓடுகிறது. மூளையின் அடியில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதி அதைப் பார்த்துக்கொள்கிறது. இந்த நோயில் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறைவதால் ஒவ்வோர் அடியையும் நினைத்து நினைத்து எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. பதில் சொல்லப் போனால் காலுக்குக் கவனம் மிச்சமில்லை. பார்க்கின்சன் இல்லாத வீடுகளிலும் இதைக் கவனியுங்கள்: பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பிற்பாடு கீழே விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997-லேயே ஸ்வீடனில் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்கள்.

குளியலறைக்குப் போகும் வழியில் தரையில் குறுக்கே கலர் டேப் ஒட்டியிருக்கிறோம். கோட்டைத் தாண்ட வேண்டும் என்றால் கால் தானாக எழும்புகிறது! தெருவில் "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணுவார். கையில் பை, போன் எதுவும் தருவதில்லை. கால் நின்றுவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். இடமும் வலமுமாக உடம்பை அசைத்து எடையை மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு பெரிய அடி. பேச வேண்டுமா, நின்று பேசிவிட்டு நடக்கலாம்.

தேவனாம்பட்டினம், கடலூர்:
எங்கள் சித்தப்பா வலை கட்டும்போது ஊர்க்கதை முழுக்கப் பேசுவார், ஊசி அது பாட்டுக்கு ஓடும். கிழிசல் ஓரத்துக்கு வந்து கண்ணி எண்ண ஆரம்பித்தால் மட்டும் "இரு, எண்ணிட்டுச் சொல்றேன்" என்று வாயை மூடிக்கொள்வார். பழகிய கைக்கே அப்படி. முத்தியால்பேட்டை அப்பாவுக்கு எவ்வளவு பாடாக இருக்கும் என்று இப்போது புரிகிறது.

லாஸ்பேட்டை, புதுச்சேரி:
மிருதங்கம் சொல்லித் தருகிறேன். கையில் எட்டு அடி ஆதி தாளம், வாயில் அடிக்கு மூன்றாக வரும் திச்ர நடையில் "தகிட தகிட" என்றால் புதுப் பிள்ளைகளுக்குக் கை வாயின் பின்னால் ஓடிவிடும். அதனால் தாளம் கையில் ஊறும்வரை வாயால் சொல்லும் சொற்கட்டைச் சேர்ப்பதே இல்லை. ஊறிய பிறகு நேர்மாறு: கையையே உற்றுப் பார்த்தால்தான் தடுமாறுவார்கள்.

உங்கள் அப்பாவுக்கு, இயன்முறை மருத்துவரைக் கேட்டுவிட்டு, தாளத்தோடு நடை பழக்கிப் பாருங்கள். சீரான தட்டு சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் தாளத்தை நீங்கள் போடுங்கள், அவரைப் போடச் சொல்லாதீர்கள். அவருக்கு அதுவும் இன்னொரு வேலை.