பெர்னி கஸ்டிஸ் பற்றி மைதானத்தில் கேட்டது

கனடாவின் ஹாமில்டனுக்குக் குடிவந்த புதிதில், ஊரின் ஃபுட்பால் அணியான டைகர்-கேட்ஸ் ஆட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எண்பதைத் தாண்டியவர். ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து "ஆஸ்கி வீ வீ" என்று கத்தும்போது வயதே தெரியாது. மைதானத்தை ஒட்டி 2019-ல் திறந்த ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அதற்கு பெர்னி கஸ்டிஸ் என்று பெயர். யார் அவர் என்று கேட்டேன். அதன்பிறகு முதல் பாதி ஆட்டத்தில் என் கவனம் போகவே இல்லை.

இது நாம் காலால் உதைத்து விளையாடும் பந்து அல்ல. பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, எறிகிற கனடிய ஃபுட்பால். அணிக்கு 12 பேர். அதில் குவார்ட்டர்பேக் யார் என்று விளக்க, பெரியவர் பாப்கார்ன் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினார். பந்து இந்தக் கைக்கு வந்ததுமே எதிரணித் தடியர்கள் பாய்ந்து வருவார்கள். யாருக்கு எறிவது, இல்லை தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று வினாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அணிக்கே உத்தரவு போடுகிற இடம் அது. அதனால்தான் கறுப்பின வீரர்களுக்கு அதைக் கொடுக்க மறுத்தார்கள். ஓடலாம், தடுக்கலாம், வெள்ளையர்களை வழிநடத்தக் கூடாது!

கஸ்டிஸ் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக்காகப் பேர் வாங்கியவர். 1951-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. பயிற்சியாளர் பால் பிரவுனோ அவரைத் தடுப்பாட்டத்தில் பின்வரிசைக்கு மாற்றப் பார்த்தார். கஸ்டிஸ் அசைந்து கொடுக்கவில்லை. கனடாவுக்குப் போவதானால் விடுவிக்கிறோம் என்றார்கள். வந்துவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று ஹாமில்டனுக்குக் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். நவீன காலத் தொழில்முறை ஃபுட்பாலில் ஒரு கறுப்பின வீரர் அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கியது அதுவே முதல்முறை. அந்தப் பருவம் முழுக்க அவர்தான் ஆடினார், சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ஸ்டார் அணியிலும் இடம்பிடித்தார்.

அவருக்கு முன்பே, 1946-ல், ஹெர்ப் ட்ராவிக் என்ற கறுப்பின வீரர் மாண்ட்ரியல் அலூயெட்ஸ் அணிக்கு ஆட வந்துவிட்டார். ஆனால் அவர் ஆடியது முன்வரிசையில், குவார்ட்டர்பேக்காக அல்ல.

கனடா கதவைத் திறந்தது என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மறுவருடமே கஸ்டிஸைப் பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆல்-ஸ்டார் ஆனவரை ஏன் மாற்ற வேண்டும்? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அவர் அங்கேயும் சோடை போகவில்லை என்பது வேறு விஷயம். 1953-ல் கனடிய ஃபுட்பாலின் சாம்பியன் கோப்பையான கிரே கோப்பையை வென்ற ஹாமில்டன் அணியில் அவரும் இருந்தார். பிறகு கொஞ்ச காலம் ஒட்டாவாவுக்கு ஆடினார்.

வாரன் மூன் என்ற கறுப்பினக் குவார்ட்டர்பேக்கின் கதையை நம்மில் சிலர் கேட்டிருப்போம். 1978-ல் அமெரிக்க அணிகள் அவரைக் குவார்ட்டர்பேக்காக எடுக்கத் தயங்கியதால் கனடாவின் எட்மன்டன் அணிக்கு வந்து, தொடர்ந்து ஐந்து கிரே கோப்பை வென்றவர். அவருக்கு 27 வருடம் முன்பே கஸ்டிஸ் அந்த இடத்தில் நின்றுவிட்டார். ஆனாலும் ஹாமில்டனைத் தாண்டினால் அவர் பெயர் பலருக்கும் தெரியவில்லை.

ஆடுவதை நிறுத்தியபின் கஸ்டிஸ் அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் வேலை பார்த்தார். மெக்மாஸ்டர் பல்கலைக்கழக அணிக்கும் பயிற்சி கொடுத்தார். 2017-ல், 88 வயதில் காலமானார். அவரிடம் படித்தவர்களோ, அவர் பயிற்சியில் ஆடியவர்களோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டு எழுதுங்கள். வகுப்பறையில் அவர் எப்படி இருந்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.