எஸ்தோனியாவில் உக்ரைன் அகதிகள்: அட்டை கைக்கு வந்த பிறகு

தற்காலிகப் பாதுகாப்பு பெற்றவருக்கு அங்கே அடையாளம் என்பது வசிப்பு அனுமதி அட்டையில் உள்ள 11 இலக்க எண்தான். 12.3.1985இல் பிறந்த பெண்ணுக்கு அது 4850312 என்று தொடங்கும்: முதல் இலக்கம் பாலினமும் நூற்றாண்டும், அடுத்த ஆறும் பிறந்த தேதி. தேதி தப்பாக ஏறினால் எண்ணே தப்பு. வாங்கும் இடத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

அடுத்த வில்லங்கம் பெயர். சோவியத் காலத்துப் பட்டச் சான்றிதழில் ரஷ்ய வழக்கில் ‘எலேனா’, கடவுச்சீட்டில் உக்ரைனிய வழக்கில் ‘ஒலேனா’. கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது கடவுச்சீட்டு நகலையும் சேர்த்துக் கொடுத்தால் பாதித் தலைவலி குறையும். தகப்பன் பெயர் அட்டையில் வராது. நம்ம ஊர் இனிஷியல் குழப்பத்துக்குப் பங்காளி இது.

அட்டையோடு வரும் உறையைத்தான் பலர் தொலைக்கிறார்கள். அதில்தான் ரகசியக் குறியீடுகள் (PIN) இருக்கும். பின் 1 (4 இலக்கம்) இணையச் சேவைகளுக்குள் நுழைய, பின் 2 (5 இலக்கம்) டிஜிட்டல் கையெழுத்துக்கு. மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். உறையில் உள்ள 8 இலக்க பியூகே (PUK, பூட்டைத் திறக்கும் குறியீடு), ஒரு கார்டு ரீடர், அட்டையைக் கணினியில் பயன்படுத்த உதவும் டிஜிடாக் மென்பொருள் மூன்றும் இருந்தால் வீட்டிலேயே திறக்கலாம். பியூகேவும் போனால் போலீஸ், எல்லைக்காவல் வாரியத்தின் சேவை மையத்துக்கு நேரில் போய் புதுக் குறியீடு கேட்க வேண்டியதுதான்.

* * *

பழைய உக்ரைன் சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த நாட்டு அரசுச் சேவைகளுக்கான ‘தியா’ செயலியில் நுழையப் பெரும்பாலும் உக்ரைன் வங்கிக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். வங்கியோ அந்தப் பழைய எண்ணுக்குத்தான் எஸ்எம்எஸ் அனுப்பும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் இன்னொருவருக்குப் போய்விடும். எஸ்தோனிய எண்ணை மாட்டுவதற்கு முன்பே வங்கியில் எண்ணை மாற்றிவிடுவது நல்லது. சிம் போன பிறகு மாற்றுவது பெரும்பாடு.

* * *

வயதானவர்கள் விஷயத்தில் ஒன்று. மருந்துச் சீட்டு காகிதத்தில் வராது, மருந்துக்கடையில் அட்டையைக் காட்டினால் போதும், பின் தேவையில்லை. இது தெரியாமல் உதவிக்கு வருபவரிடம் பின் 2ஐயும் சேர்த்து ஒப்படைக்கிறார்கள். அது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். சட்டப்படியும் பின் 2 அடித்துப் போடும் கையெழுத்துக்குக் கைக்கையெழுத்தின் மதிப்பு உண்டு. கைப்பேசியிலேயே அடையாளம் காட்டும் ஸ்மார்ட்-ஐடி செயலி வைத்திருந்தால், கணினித் திரையிலும் கைப்பேசியிலும் வரும் 4 இலக்கச் சரிபார்ப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பின் அடிக்கச் சொல்லுங்கள். “வங்கியிலிருந்து பேசுகிறோம்” என்று ரஷ்ய மொழியில் ஃபோன் வந்தால், எதையும் அடிக்காமல் வைத்துவிடலாம்.