பிரெஞ்சு நிறச்சொற்களில் சந்தேகம், உதவுங்கள்
வணக்கம், கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன், டெல்ஃப் ஏ1 என்னும் தொடக்கநிலை பிரெஞ்சு மொழித் தேர்வுக்கு வீட்டிலேயே படிக்கிறேன். நமக்கு மாங்காய் ஆனாலும் பை ஆனாலும் பச்சை பச்சைதான். பிரெஞ்சில் மாம்பழம் பெண்பால் என்பதால் 'மாங்க் வேர்த்', பை ஆண்பால் என்பதால் 'சாக் வேர்', அதாவது பெண்பாலுக்கு ஈ எழுத்து சேர்ந்ததும் ஒலிக்காத கடைசி மெய் ஒலிக்கிறது. இது அழகாகவே இருக்கிறது. பன்மைக்கு எஸ் சேர்ப்பதும் சரி, புரிந்தது.

மாட்டிக்கொண்டது இங்கேதான். பழப்பெயரிலிருந்து வந்த ஒராஞ்ச் (ஆரஞ்சு நிறம்), மரோன் (பழுப்பு) இரண்டும் எதற்கும் மாறாதாம், அப்படியானால் பூப்பெயரான ரோஸ் (இளஞ்சிவப்பு) மட்டும் பன்மையில் எஸ் வாங்குவது ஏன்? மாறாத நிறங்களை மனதில் நிறுத்த வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், புதுச்சேரி அண்ணன் அக்கா யாராவது வாரம் ஒருமுறை போனில் பேசிப் பழக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.