ஒலியளவைச் சமன்செய்த பிறகு கேட்ட மூன்று ஆம்ப்ளிஃபயர்கள்

நண்பர் ஒருவரின் தந்தை 1980களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த என்ஏடி 3020 ஆம்ப்ளிஃபயர் பல ஆண்டுகள் பரணில் கிடந்தது. சென்ற ஆண்டு பழைய மின்தேக்கிகளை மாற்றிய பிறகு மீண்டும் பாடத் தொடங்கியது. 1978-இல் அறிமுகமாகி, எரிக் எட்வர்ட்சனின் வடிவமைப்புக்காக இன்றும் பேசப்படும் அந்தக் கருவி சேனலுக்கு வெறும் 20 வாட்தான். என் வீட்டில் இருப்பது யமஹா ஏ-எஸ்501. கோவையில் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர்களைத் தாமே கட்டும் இன்னொரு நண்பர், சேனலுக்கு ஒரு 300பி வால்வு வீதம் வைத்து எட்டு வாட் தரும்படி செய்திருந்த தம் கருவியையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மூன்றையும் ஒரே ஜோடி ஸ்பீக்கரில், ஒரே அறையில், ஒரே கச்சேரிப் பதிவைக் கொண்டு கேட்டுப் பார்த்த இரண்டு நாள் அனுபவத்தை இங்கே பகிர்கிறேன்.

முதல் நாள் மாலை, வயர்களைக் கையால் மாற்றி மாற்றிச் செருகி, வால்யூம் குமிழை ஏறத்தாழ ஒரே இடத்தில் நிறுத்திக் கேட்டோம். 3020-இல் உயிர் இருக்கிறது, பாடகர் அறைக்குள் வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கிறது, மிருதங்கத்தின் தொப்பிக்கு (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத்துக்கு) நல்ல கனம் இருக்கிறது என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னோம். நானும் முழு நம்பிக்கையோடு அப்படித்தான் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

மறுநாள் காலை 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, முந்தைய நாள் நிலையிலேயே இருந்த 3020 1.26 வோல்ட்டும் யமஹா 1.10 வோல்ட்டும் காட்டின. வித்தியாசம் ஏறக்குறைய 1.2 டெசிபல். அது எங்களில் ஒருவர் காதிலும் ‘சத்தம் கூடுதல்’ என்று விழவில்லை; தெளிவாகவும், நெருக்கமாகவும், நிறைவாகவுமே விழுந்தது. மெல்லிய ஒலியளவில் நம் காது தாழ்ந்த சுரங்களைக் குறைவாகவே வாங்குகிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே ஒலியளவைச் சற்றே கூட்டினாலும் அடித்தளம், அதாவது தாழ்ந்த ஒலிகளின் பகுதி, தடித்துத் தெரியும். முந்தைய நாள் மாலை நாங்கள் வியந்து பேசிய தொப்பியின் கனத்தில் பெரும்பகுதி அந்த 1.2 டெசிபல்தான்.

பிறகு இரண்டின் வோல்டேஜையும் நூற்றில் ஒரு பங்குக்குள் சமன்செய்தோம், அது 0.1 டெசிபலுக்குள் அடங்கும். ரிச்சி தெருவில் வாங்கி வந்த சுவிட்சைப் பெட்டியில் பொருத்தி, ஸ்பீக்கரின் நேர், எதிர் முனைகள் இரண்டுமே மாறும்படி இணைத்தோம். சில ஆம்ப்ளிஃபயர்களில் எதிர்முனை தரையோடு சேர்ந்திராது என்பதால், ஒரு முனையை மட்டும் மாற்றி மற்றதைப் பொதுவாக விடுவது கருவிக்கே ஆபத்து. இதைச் செய்யப் போகிறவர்கள் இந்த ஒன்றில் தயவுசெய்து அலட்சியம் காட்ட வேண்டாம். ஒருவர் போர்வை மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் நாணயத்தைச் சுண்டி எந்தக் கருவி என்று முடிவு செய்ய, மற்ற மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தாளில் எழுதினோம். 16 சுற்றுகளில் எங்களுக்குச் சரியாக வந்தவை முறையே 9, 7, 10. எதையும் கேட்காமல் குருட்டாம்போக்கில் எழுதினாலும் 16-க்குப் பத்தோ அதற்கு மேலோ சரியாக அமைய நூற்றுக்கு 23 வாய்ப்பு உண்டு என்பதால், அந்தப் பத்தையும் வெற்றியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

3020-இன் சொந்தக்காரர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். தந்தை கேட்ட கருவியில் அவருக்குக் கேட்பதை வேறு யாரும் அளந்து சொல்ல முடியாது. அதை நான் முழுமனதோடு மதிக்கிறேன். அதே சமயம், பாதுகாப்பான அளவில் இயங்கும் இரண்டு நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களுக்கிடையே எங்கள் காதால் பிரித்தறிய முடிந்த வேறுபாடு எதுவும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

வால்வு ஆம்ப்ளிஃபயர் வந்ததும் நிலைமை மாறியது. அதையும் 400 ஹெர்ட்ஸில் சமன்செய்துதான் கேட்டோம். ஆனாலும் 16 சுற்றுகளில் எனக்கு 15 சரியாக வந்தன. பக்கவாத்தியமாக இருந்த வயலின் பாடகரின் தோளருகே வரை முன்னேறி நின்றது. மிருதங்கத்தின் தொப்பி நீண்டு, மெதுவாக அடங்கியது. இது காதின் மயக்கமா என்று பார்க்க, அதன் வெளியீட்டில் முதலில் 16 ஓம், பிறகு 8 ஓம் மின்தடையை இணைத்து அளந்தோம். முன்னதில் 2.22 வோல்ட், பின்னதில் 2.00 வோல்ட். கணக்குப் போட்டால் கருவியின் உள்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அதன் உள்ளேயே இருக்கும் தடை, 2 ஓம். எங்கள் ஸ்பீக்கரின் மின்மறுப்போ, அதிர்வெண்ணைப் பொறுத்து 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையே ஏறி இறங்குகிறது. மறுப்பு கூடிய இடங்களில் ஸ்பீக்கருக்கு அதிக வோல்டேஜ் போய்ச் சேரும். இந்த எண்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் 2.7 டெசிபல். எங்கள் ஸ்பீக்கரில் அந்த மேடுகள் இருப்பது அடித்தளத்தில் ஓரிடத்திலும், வயலின் பளிச்சிடும் பகுதியில் ஓரிடத்திலும்தான். கோவை நண்பர் இதைக் கேட்டு வருந்தவில்லை. தம் கருவி என்ன செய்கிறது என்று இப்போதுதான் புரிந்ததாகச் சொல்லி, அந்த எண்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

* * *

மேலே எழுதியவரின் முடிவோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் ‘பாதுகாப்பான அளவில்’ என்ற சொற்களை யாரும் அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. என் வீட்டிலும் 20 வாட் கருவி ஒன்றும் 100 வாட் கருவி ஒன்றும் உண்டு. நாகசுரக் கச்சேரிப் பதிவு ஒன்றை மிதமான ஒலியில் கேட்கையில் இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் கோயில் வாசலில் நின்று கேட்பதுபோல் கேட்க வேண்டும் என்ற ஆசையில் ஒலியைக் கூட்டியபோது, கூடு போட்ட விரல்கள் தவிலின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) விழும் அடி ஒவ்வொன்றும் சிறிய கருவியில் தகரத்தைத் தட்டியதுபோல் தட்டையாகிவிட்டது. அலைகாட்டியில் பார்த்தால், ஏறத்தாழ 19 வோல்ட்டுக்கு மேல் அலையின் உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் நின்றன. என் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தொலைவில், 85 டெசிபல் தருவது. அங்கேயே 100 டெசிபல் உச்சம் வேண்டுமானால் 32 வாட் தேவை. நான் உட்கார்ந்திருப்பதோ மூன்று மீட்டருக்கு அப்பால்; அங்கே அதே ஒலிக்கு இன்னும் கூடுதல் வாட் வேண்டும். நாகசுரமும் தவிலும் கேட்பவர்கள் கருவி வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

* * *

உள்மறுப்பைப் பற்றிப் படித்ததும் என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. வீடு கட்டியபோது ஸ்பீக்கர் வயரைச் சுவருக்குள் பதிக்கச் சொல்லியிருந்தோம். பதிக்கப்பட்டது அரை சதுர மில்லிமீட்டர் வயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதன்பின் ஆறு ஆண்டுகளில் மூன்று ஆம்ப்ளிஃபயர்களை மாற்றினேன். மூன்றிலுமே குரல் சற்றுக் கூர்மையாகவும் அடித்தளம் தளர்ந்தும் கேட்டன. ஒவ்வொரு முறையும் கருவியின் மீதே பழியைப் போட்டேன். கடைசியில் ஒரு மழைக்காலத்தில் சுவரில் ஈரம் இறங்கி, வயரை மாற்ற வேண்டியதாயிற்று. போக பத்து, வர பத்து என இருபது மீட்டர் செம்புக்கம்பிக்கு அந்தத் தடிமனில் 0.7 ஓம் மின்தடை வருகிறது. 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையே அலையும் ஸ்பீக்கரில் அது ஒரு டெசிபலுக்கும் சற்று மேலான மேடுபள்ளத்தை உண்டாக்கும். இப்போது இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர் போட்டிருக்கிறேன். அந்த மேடுபள்ளம் கால் டெசிபலாகக் குறைந்துவிட்டது. பழைய வயரை எறியவில்லை. புது ஆம்ப்ளிஃபயர் வாங்க யோசனை கேட்டு வருபவர்களை உட்காரவைத்து, ஒரே கருவியில் இரண்டு வயரையும் மாற்றி மாற்றி இணைத்துக் கேட்கச் சொல்கிறேன்.