ஆட்சென்ஸ் பணம் வாங்கும் மதுரைக்காரங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் மக்களே. உசிலம்பட்டிப் பக்கத்து நாட்டுக்கோழி வளர்ப்பு யூடியூப் சேனல் ஒன்றுக்கு ஆட்சென்ஸ் (விளம்பரப் பணத்தை அனுப்பும் கூகுள் சேவை) வழியா வரும் பணம் பத்திக் கேட்கிறேன். 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, பணம் வரத் தேவையான ரெண்டும் தாண்டியாச்சு. (ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் இந்தக் கணக்கில் சேராது. பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான்.) 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் வந்த PIN நம்பரைப் போட்டாச்சு. பான் எண்ணோடு டபிள்யூ-8பென் (அமெரிக்க வரிக்கான) படிவமும் கொடுத்தாச்சு. இனி அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பங்கில் மட்டும் 15 சதவீதம் வரி பிடிப்பார்கள். இருப்பு 100 டாலரைத் தாண்டிருச்சு, அடுத்த மாசம் 21 தேதிக்கு மேல் அனுப்புவார்கள்.

இடிப்பது வங்கி விவரத்தில். ஐஎஃப்எஸ்சி மட்டும் போதாது, ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் வர வங்கியைக் காட்டும் குறியீடு) வேணும். ஊர்க் கிளைக்கு அது இல்லை. மதுரை டவுனில் இருக்கும் பெரிய கிளையின் ஸ்விஃப்ட் கோடு போட்டால், ஊர்க் கிளைக் கணக்கில் பணம் ஒழுங்காக ஏறுதா? ஆட்சென்ஸில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால் இருக்கு. இதுக்காக யாருக்காவது பணம் திரும்பிப் போச்சா? விளம்பர வருமானத்துக்கு உங்க வங்கியில் எந்த பர்ப்பஸ் கோடு (வெளிநாட்டுப் பணம் எதுக்காக வருதுன்னு சொல்லும் குறியீடு) எழுதினீங்க, கமிஷன் எவ்வளவு பிடித்தார்கள்? கையில் வாங்கிய அனுபவம் இருக்கிறவங்க மட்டும் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.